சிரிப்புக்குள் ஒளிந்திருக்கும் துப்பு

காமெடி கலந்த கொலை மர்மத் தொடர் என்றாலே "சும்மா டைம்பாஸ், சீரியஸான க்ரைம் தொடருக்கு ஈடாகாது" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. நல்ல தொடர்களில் காமெடியைக் கதைக்கு மேலே தூவியிருக்க மாட்டார்கள். துப்பை ஒளித்து வைக்கிற இடமே அதுதான்.

எந்த மர்மக் கதைக்கும் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. துப்பைப் பார்க்கிறவருக்குக் காட்டியே ஆகவேண்டும். ஆனால் அது துப்பு என்று அவருக்குப் படக்கூடாது. காட்டாமல் விட்டால் போங்காட்டம். அழுத்திக் காட்டினால் பத்தாவது நிமிடத்திலேயே கொலையாளி பிடிபட்டுவிடுவார். இறுக்கமான க்ரைம் தொடரில் கேமரா ஒரு பொருள்மேல் இரண்டு நொடி கூடுதலாக நின்றாலே நாம் உஷாராகிவிடுகிறோம்.

இப்போது ஒரு விருந்துக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நேரம், வீட்டுக்குள்ளேயே ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு உலாவுகிறார். இன்னொருவர் கிண்டலடிக்கிறார், அவர் பந்தாவாகப் பதில் சொல்கிறார், நாம் சிரிக்கிறோம். அந்தக் காட்சி எதற்கு என்ற கேள்விக்கு மனசு அப்போதே பதில் எழுதிவிடுகிறது: ஓ, சிரிக்க வைக்க. கண்ணோரத்தில் பட்ட காயத்தை மறைக்கத்தான் அந்தக் கண்ணாடி என்று கடைசியில் தெரியும்போது, எல்லாம் நம் கண்ணெதிரேதான் இருந்தது என்பதுதான் உறைக்கும். இதை எழுதும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. கிண்டல் நிஜமாகவே சிரிப்பு வரவழைக்க வேண்டும். சப்பையாக இருந்தால் "இதை ஏன் வைத்தார்கள்" என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். அடுத்தது, நடுவில் ஒரே ஒரு முறை அந்தக் கண்ணாடி போகிறபோக்கில் மறுபடி வரவேண்டும். வராவிட்டால் முடிவில் யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு முறை வந்தால் குட்டு உடைந்துவிடும்.

ஜோக் எழுதத் தெரிந்தவர்கள் மர்மமும் நன்றாக எழுதுவதில் ஆச்சரியமே இல்லை. முதலில் ஒன்றை நட்டு வைத்து, கவனத்தைத் திருப்பி, சரியான நொடியில் அவிழ்ப்பது இரண்டுக்கும் பொது. 1997இல் பிபிசியில் தொடங்கிய 'ஜோனதன் க்ரீக்' தொடரை எழுதிய டேவிட் ரென்விக், அதற்கு முன் சிட்காமில், அதாவது சிரிப்புத் தொடரில், பேர் வாங்கியவர். 'மாங்க்' தொடரை உருவாக்கிய ஆண்டி ப்ரெக்மன் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்கக் காமெடி நிகழ்ச்சிக்கு எழுதியவர்.

கொலம்போ என்ற போலீஸ் துப்பறிவாளரைப் பற்றிய 'கொலம்போ' தொடர் இதிலும் ஒரு படி மேலே. 1968இல் ஒரு தொலைக்காட்சிப் படமாக வந்து, 1971இல் தொடராகி, இடைவெளி விட்டு 2003 வரை ஓடியது. கொலையாளி யார் என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். முதல் கால் மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், கொலம்போ திரைக்கே வரமாட்டார். வந்தபிறகு கசங்கிய மழைக்கோட்டு, எங்கேயோ வைத்துவிட்ட பென்சில், கண்ணிலேயே காட்டாத மனைவியைப் பற்றிய பேச்சு. கொலையாளி ஒரு பெரிய மனிதர். இந்த ஆளை மதிக்கமாட்டார். விசாரணை முடிந்து, கொலம்போ வாசல்வரை போய்த் திரும்பி "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்பார். கொலையாளி மூச்சை விட்டு, தோளைத் தளர்த்திய அந்த நொடியில்தான் நிஜமான கேள்வி வரும். கறுப்புக் கண்ணாடி நமக்குச் செய்ததை அந்தக் கோமாளித்தனம் கொலையாளிக்குச் செய்கிறது. அந்த வசனம் பிறந்த கதையும் அழகு. கொலம்போ வெளியேறுவதாக எழுதி முடித்த பிறகுதான் காட்சி சின்னதாக இருப்பது தெரிந்தது. முழுசையும் மறுபடி டைப் அடிக்க அலுத்துக்கொண்டு, எழுத்தாளர்கள் லெவின்சனும் லிங்கும் அவரையே திரும்பி வரவைத்தார்கள்.

2023இல் வந்த 'போக்கர் ஃபேஸ்' இந்த வடிவத்தைத்தான் கையில் எடுத்தது. நாயகி சார்லிக்கு யார் பொய் சொன்னாலும் தெரிந்துவிடும். யார் கொலையாளி என்று கடைசிவரை மறைக்கிற கதைக்குள் இவரை விட்டால் ஐந்து நிமிடத்தில் கதை காலி. அதனால் கொலையை முதலிலேயே காட்டிவிட்டு, காலத்தைப் பின்னால் நகர்த்தி, அவர் அங்கே எப்படி வந்தார் என்று சொல்கிறார்கள். பொய் என்று தெரிவது சாட்சியம் ஆகாது என்பதுதான் மிச்சக் கதையை ஓட்டும் எஞ்சின்.

துப்பறிபவரின் விசித்திர குணத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. அந்தக் குணத்தை எடுத்துவிட்டாலும் வழக்கு அப்படியே துலங்குகிறதா? துலங்கினால் அது வெறும் அலங்காரம். 'மாங்க்' தொடரின் துப்பறிவாளர் ஏட்ரியன் மாங்க் கோணலாக இருக்கும் படத்தை நேராக்காமல் அந்த அறையைத் தாண்டமாட்டார். அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். எது இடம் மாறியிருக்கிறது என்று போலீஸ்காரர்களுக்கு முன்னதாகவே அவருக்குத் தெரிவதும் அதே குணத்தால்தான். இதைக் காப்பியடித்த எத்தனையோ தொடர்களில் வினோதப் பழக்கம் மட்டும் வந்தது, பயன் வரவில்லை.

சறுக்குகிற இடங்களும் உண்டு. கெஸ்ட் ரோலில் ஒரு பிரபல முகம் வந்து, இரண்டே காட்சியில் ஒதுங்கி நின்றால், ஆள் அவர்தான் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். அடுத்து, பிணத்துக்கான இடம். 'மர்டர், ஷி ரோட்' 1984 முதல் 1996 வரை 264 எபிசோட். கேபட் கோவ் என்ற சின்ன ஊரில் அத்தனை கொலையையும் நடத்த முடியாது என்பதால் துப்பறியும் நாயகி ஜெசிகா ஃப்ளெச்சரை ஊர் ஊராக அனுப்பி, பிறகு நியூயார்க்கிலும் ஒரு வீடு கொடுத்தார்கள். ஒரே கட்டடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் 'ஒன்லி மர்டர்ஸ் இன் தி பில்டிங்' தொடருக்கும் சீசன் கூடக்கூட இதே தலைவலி.

சீசன் முழுக்க ஒரே கொலை என்றால் வேறொரு தொல்லை. பத்து எபிசோடில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தேக நபர், முடிவில் "இவர் இல்லை" என்று விடுதலை. நாலாவது எபிசோடில் இந்தத் தாளம் நமக்குப் பிடிபட்டுவிடும், ஆறாவதில் சலிக்கும். அதை உடைக்க வடிவத்தையே மாற்ற வேண்டும். 'ஒன்லி மர்டர்ஸ்' முதல் சீசனின் ஏழாவது எபிசோடைப் பாருங்கள். காது கேளாத ஒருவரின் பார்வையில், கிட்டத்தட்டப் பேச்சே இல்லாமல் போகும். 'தி ஆஃப்டர்பார்ட்டி' ஒரே இரவை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறது; ஒருவர் சொன்னால் காதல் காமெடி, இன்னொருவர் சொன்னால் ஆக்‌ஷன், வேறொருவர் சொன்னால் பாட்டும் கூத்தும். ஒரே காட்சி இரண்டு பேர் வாயில் எங்கே மாறுகிறது என்று கவனித்தால் பாதி வழக்கு முடிந்தது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, செத்தவரை ஜோக் ஆக்கக்கூடாது என்பது. உயிரோடு இருப்பவர்களின் பேராசை, பதற்றம், வீண் பெருமை இவற்றைப் பார்த்துத்தான் சிரிப்பு வரவேண்டும். இறந்தவருக்காக நிஜமாக வருந்துகிற ஒரே ஒரு ஆளாவது வேண்டும், அவருக்கு ஒரு நிமிடமாவது வேண்டும். மாங்கின் எல்லாச் சேட்டைக்கும் அடியில் மனைவி ட்ரூடியின் கொலை கிடப்பதால்தான் அந்தச் சிரிப்புக்குக் கனம்.

சப்டைட்டிலோடு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நடிகர் வாய் திறக்கும் முன்னமே எழுத்து வந்துவிட்டால் சிரிப்பும் போகும், அதற்குள் இருந்த துப்பும் பளிச்சென்று தெரிந்துவிடும். மொழி ஓரளவு புரிகிறதென்றால் இரண்டாம் முறை சப்டைட்டிலை நிறுத்திப் பாருங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கொலம்போவின் 69 எபிசோடில் எதை வேண்டுமானாலும் முதலில் எடுக்கலாம், வரிசை தேவையில்லை. 'மாங்க்' பார்க்கும்போது 2009இல் வந்த இரண்டு பாக முடிவை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'ஒன்லி மர்டர்ஸ்' முதல் எபிசோடிலிருந்து வரிசையாகத்தான் பார்க்க வேண்டும், ஒன்றைக்கூடத் தாண்டாதீர்கள். கமெண்டில் கொலையாளி பெயரைப் போட்டு யாரும் ஸ்பாய்லர் செய்யாதீர்கள், ப்ளீஸ்.