தேசியப் பூங்காவுக்கு மாணவர்களை அனுப்பும் முன்

கோடை விடுமுறை நெருங்கியதும் தேசியப் பூங்காவில் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா என்று மாணவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். விலங்கியல் ஆசிரியனான எனக்கு அந்த ஆர்வம் பெருமகிழ்ச்சி தருகிறது. ஆயினும், பத்து நாள் தங்கிச் சில படங்களோடும் சான்றிதழோடும் திரும்பும் பயிற்சியால் காட்டுக்கும் பயனில்லை, பிள்ளைகளுக்கும் பயனில்லை என்பதே என் உறுதியான கருத்து.

முக்கூர்த்தியை எடுத்துக்கொள்வோம். நீலகிரியின் மேற்கு விளிம்பில் 78.46 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தேசியப் பூங்கா, வரையாடுகளின் முக்கிய வாழிடம். அவை மேயும் புல்வெளியை, ஆங்கிலேயர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரம் விழுங்கிக்கொண்டிருக்கிறது. மரத்தை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கக்கூடிய அதன் விதைகள், வெயில் பட்டதும் கூட்டம் கூட்டமாக முளைத்துவிடும். அந்த நாற்றுகளைப் பிடுங்க ஆண்டுதோறும் கைகள் வேண்டும். முதன்முறை நான் இழுத்த கன்று தண்டோடு ஒடிந்து கையில் வந்தது. உடன் வந்த காவலர் குனிந்து, ஈர மண்ணை விரலால் விலக்கி, மிச்சத்தை வேரோடு எடுத்துக் காட்டி, “ஒடிச்சா திரும்பத் துளிர்க்கும் சார்” என்றார். தன்னார்வலர்கள் ஒருநாள் வந்து பிடுங்கிவிட்டுப் போவதைவிட, ஒரு கல்லூரி ஒரே சரிவைப் பொறுப்பேற்று, பட்டப்படிப்பின் மூன்றாண்டுகளும் மாணவர்களை அங்கேயே திரும்பத் திரும்ப அனுப்புவதுதான் பலன் தரும்.

கணக்கெடுப்பும் அவ்வாறே. தமிழகத்தில் வரையாடுகளின் எண்ணிக்கை 2024-இல் 1,031 என்றும் 2025-இல் 1,303 என்றும் வெளியான செய்தியை நாம் ஒரு வரியில் படித்துவிடுகிறோம். அந்த எண்களுக்குப் பின்னால் பலர் பனிமூட்டத்தில் நடந்து நிரப்பிய படிவங்கள் இருக்கின்றன. வேறொரு மலையில் நடந்த பயிற்சியின்போது, காலை முழுவதும் ஒரு விலங்கும் தென்படாததால் என் மாணவன் தாளை வெறுமையாக வைத்திருந்தான். “ஒண்ணும் காணலைன்னாலும் நேரத்தைப் போட்டு எழுதிடு தம்பி” என்றார் அங்கிருந்த வேட்டைத் தடுப்புக் காவலர். காணாததையும் பதிவு செய்யாத கணக்கு காட்டைப் பற்றித் தவறாகவே சொல்லும் என்பதை நான் வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவனுக்கு அது அன்றுதான் விளங்கியது.

இப்படிக் கற்றுத்தரும் காவலர்களில் பலர் தற்காலிக ஊழியர்கள். ஆகவே அவர்கள் செய்யும் வேலையைச் சம்பளமில்லாத மாணவர்களைக் கொண்டு நிரப்புவது இருதரப்புக்கும் இழைக்கும் அநீதி. பயிற்சி அளிக்கும் நாட்களுக்கு அவர்களுக்குத் தனி மதிப்பூதியம் வழங்க வேண்டும். மாணவர்களுக்கும் உதவித்தொகை வேண்டும்.

உதவித்தொகையை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் ஒரு மாணவி. கூடலூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளியின் மகள். யானை வரும் வழியையும் கருமந்தியின் எச்சரிக்கை ஒலியையும் நான் சொல்லித்தர வேண்டிய தேவையின்றி அறிந்தவள். ஒரு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்தும் அவள் போகவில்லை. விடுமுறையில் அம்மாவுடன் கொழுந்து பறிக்கப் போனால்தான் அடுத்த பருவக் கட்டணத்தைக் கட்ட முடியும் என்றாள். அவளுக்குக் கிடைத்த இடத்துக்கு, பயணச் செலவைத் தாங்கக்கூடிய வேறொருவர் போனார்.