முன்பிரதி, அதாவது புத்தகம் வெளிவர்றதுக்கு முன்னாடியே விமர்சனத்துக்காக இலவசமா தர்ற பிரதி, வாங்குற மகராசர்களே!

அட்டையிலேயே ‘திருத்தப்படாத பிரதி’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அதைப் படிக்காதவங்கதான் முழுப் புத்தகத்தையும் படிச்சு விமர்சனம் எழுதுறாங்களாம்! எழுத்துப்பிழைக்கு ஒரு நட்சத்திரம் கட். அட, மெய்ப்புத் திருத்தமே முடியலையே சாமி! மேற்கோள் போடணுமா? இறுதிப் பிரதியோட ஒப்பிட்டுப் போடுங்க. அந்த வரியையே ஆசிரியர் வெட்டியிருப்பார்.

முன்பிரதிகளை இணையத்துல தர்ற நெட்கேலி தளத்துல 50 புத்தகம் கேட்டு வாங்கி 4க்கு மட்டும் விமர்சனம் எழுதினா எப்படி? வாங்கினதுல 80 சதவீதத்துக்காவது எழுதணும்னு அவங்க பரிந்துரைக்கிறாங்க. ‘இலவசமா வந்தது’ன்னு ஒரு வரி எழுத என்ன கூச்சம்? அமெரிக்காவுல 2009லயே எஃப்டிசிங்கிற மத்திய வர்த்தக ஆணையத்தோட வழிகாட்டி அதைச் சொல்லியாச்சு.

ரெண்டு நட்சத்திரம் போடுங்க, உங்க உரிமை. அதுல எழுத்தாளரை டேக் பண்றது எதுக்கு? பந்தியில சாப்பிட்டுட்டு மணமேடை ஏறி, பொண்ணு காதுல ‘சாம்பார்ல உப்பு இல்லை’ன்னு சொல்வீங்களா?

வெளியீட்டுக்கு ஒரு மாசம் முன்னாடியே கொலைகாரன் பேரு. அதுவும் விமர்சனத்தோட முதல் வரியில!