ஹைஸ்மன் கோப்பையும் கண்ணில் படாத அந்த ஐந்து பேரும்

2024 சீசனின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை டிராவிஸ் ஹன்டருக்குப் போனது சரியா, ஆஷ்டன் ஜென்டிக்குப் போயிருக்க வேண்டுமா என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. (மெஸ்ஸியைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து.) வாக்கெடுப்பில் ஹன்டருக்கு 2,231 புள்ளிகள், ஜென்டிக்கு 2,017. 2009க்குப் பிறகு இவ்வளவு நெருக்கமான போட்டி நடக்கவில்லை. அதனால் இரண்டு தரப்புக்கும் பேச விஷயம் இருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஹன்டர் பக்கம். இன்றைய கால்பந்தில் தாக்கும் அணியும் தடுக்கும் அணியும் தனித்தனி ஆட்கள். ஒருவர் ஆடும்போது மற்றவர் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். கொலராடோ பல்கலைக்கழக அணியில் இந்தப் பையன் உட்காரவே இல்லை. வைட் ரிசீவராகப் பந்தைப் பிடித்து 1,258 யார்டு, 15 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்குக் கொண்டுசேர்ப்பது). உடனே திரும்பி தடுக்கும் அணியில் கார்னர்பேக்காக நின்று எதிரணி எறிந்ததில் நான்கை அபகரித்தார். சீசன் முழுக்க 1,400 ஆட்டத் துணுக்குகளுக்கு மேல் (பந்து நகர்வதிலிருந்து ஆட்டம் நிற்பதுவரை ஒரு துணுக்கு) களத்தில் இருந்தார். சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பெட்னாரிக் விருது இரண்டையும் வாங்கிய ஒரே ஆள் இவர்தான். பெய்லர் அணியுடனான ஆட்டம் நினைவிருக்கிறதா? ஓவர்டைமில், கோல் கோட்டைத் தொடப்போன ஓட்டக்காரரை இடித்துப் பந்தை உதிரவைத்து ஆட்டத்தையே முடித்துவைத்தார்.

ஜென்டியும் லேசுப்பட்டவர் இல்லை. பாய்சி ஸ்டேட் மாதிரி ஒரு சின்ன அணியில் இருந்துகொண்டு பந்தோடு 2,601 யார்டு ஓடினார். ஒரே சீசனில் அதிகம் ஓடிய சாதனை 1988லிருந்து பேரி சாண்டர்ஸிடம் இருக்கிறது, 2,628. இருபத்தேழே யார்டு குறைந்துவிட்டது. சாண்டர்ஸ் அதை எட்டியது 11 ஆட்டங்களில், ஜென்டி ஆடியது 14 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாண்டர்ஸ் காலத்தில், சீசன் முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்கும் வழக்கமும் இல்லை. என்னைக் கேட்டால் சாண்டர்ஸ் வேறு ரகம்.

சரி, இதெல்லாம் எல்லோரும் பேசுவது. எனக்கு உறுத்துவது வேறொன்று. ஜென்டி ஓடிய அந்த 2,601 யார்டுக்கும் வழி திறந்துவிட்டது யார்?

தாக்கும் அணியின் முன்வரிசையான ஆஃபென்சிவ் லைனில் ஐந்து பேர். நடுவில் சென்டர், இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டாக்கிள். ஆளுக்கு 300 பவுண்டுக்கு மேல் எடை. பந்து நகர்ந்த மறுநொடி எதிரே இருப்பவனை இடுப்புக்குக் கீழே எடையை இறக்கி நெம்பி, ஓட்டக்காரன் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து உண்டாக்க வேண்டும். சில சமயம் ஒரு கார்டு தன் இடத்தை விட்டு மறுபக்கம் ஓடிப்போய், அங்கே வேகமாக வருகிறவனை மோதி நிறுத்துவார். ஐவரில் ஒருவர் காலை அரை அடி தப்பாக வைத்தால் எல்லாம் பாழ். சரியாகச் செய்தால் டிவி கேமரா பந்தின் பின்னால் போய்விடும். இவர்கள் பெயர் ஒலிபெருக்கியில் வருவது பெரும்பாலும் தப்பு செய்து பெனால்டி வாங்கும்போதுதான். அடுத்த முறை ரீப்ளே போடும்போது பந்தை விட்டுவிட்டு இடது டாக்கிளை மட்டும் பாருங்கள், வேறு விளையாட்டு பார்ப்பது போலிருக்கும்.

ஹைஸ்மன் 1935ல் தொடங்கியது. இன்றுவரை ஓர் ஆஃபென்சிவ் லைன் ஆட்டக்காரர்கூட அதை வாங்கியதில்லை. கிட்டத்தில் வந்தவர் 1973ல் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ். அந்த வருடம் லைன் ஆட்டக்காரர்களுக்கான அவுட்லாண்ட், லம்பார்டி இரண்டையும் வாங்கினார், ஹைஸ்மனில் இரண்டாம் இடம். தடுப்பாட்டக்காரர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். 1997ல் மிச்சிகனின் சார்ல்ஸ் வுட்சன் வாங்கினார், பெய்டன் மேனிங்கைத் தள்ளிவிட்டு. ஆனால் அவரும் பந்தைப் பிடித்தும் எதிரணி உதைத்தனுப்பும் பன்ட்டைப் பிடித்துத் திருப்பி ஓடியும் காட்டிய பிறகுதான் கிடைத்தது. ஹன்டரும் தடுத்தது மட்டும் என்றால் நியூயார்க்கின் விருது மேடைக்கே வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வாக்குச்சீட்டில் மூன்று பெயர் எழுதலாம், மூன்று, இரண்டு, ஒன்று எனப் புள்ளிகள். வாக்காளர்களில் 870 பேர் பத்திரிகை, டிவிக்காரர்கள். அவர்களோடு பழைய வெற்றியாளர்கள், ரசிகர்களுக்கென்று ஒரே ஒரு வாக்கு. ஒரு பத்திரிகையாளர் நாட்டிலுள்ள அத்தனை அணிகளின் டாக்கிள்களையும் உட்கார்ந்து பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். யார்டும் டச்டவுனும் அட்டவணையில் கிடைக்கும், சந்து உண்டாக்கியதற்கு அட்டவணை இல்லை. ஆனால் மூன்று இடம் கையில் இருக்கிறதே, மூன்றாவதைக்கூடவா ஒதுக்க மனமில்லை? 2024ல் டெக்சஸின் கெல்வின் பேங்க்ஸ், ஹிக்ஸைப் போலவே அவுட்லாண்டும் லம்பார்டியும் சேர்த்து வாங்கினார். ஹைஸ்மன் முதல் பத்தில் அவர் பெயர் கிடையாது. அந்தப் பத்தில் பாதிக்கு மேல், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள்.

ஒருவரைப் பிரித்தெடுத்துக் கௌரவிப்பது கஷ்டம் என்றால், ஐவரையும் சேர்த்துக் கௌரவிக்கலாம். அதற்கும் ஒரு விருது 2015லிருந்து இருக்கிறது, ஜோ மூர் விருது. தனி ஆளுக்குக் கிடையாது, முழு லைனுக்கும் சேர்த்துத்தான். கோப்பை ஏறத்தாழ 800 பவுண்டு, ஒருவரால் தூக்கவே முடியாது. 2024ல் அதை வாங்கியது ராணுவ அகாடமியின் ஆர்மி அணி! அலபாமா, ஜார்ஜியா போன்ற பெரிய அணிகளின் ராட்சதர்களுக்கு நடுவே, படிப்பு முடிந்ததும் ராணுவப் பணிக்குப் போகிற பையன்கள். அவர்கள் திறந்த வழியில் குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி 32 டச்டவுன் ஓடி ஹைஸ்மன் வாக்கெடுப்பில் ஆறாவது வந்தார். இதைப் பற்றி எத்தனை பதிவு பார்த்தீர்கள்?

ஜென்டி கட்சி நண்பர்களே, உங்கள் ஆள் தோற்றது பற்றி இன்னும் நான்கு வருடம் பேசுங்கள், தாராளமாக. ஆனால் பாய்சி ஸ்டேட் லைனில் இருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் பெயரை கூகுள் பார்க்காமல் கமென்ட்டில் எழுதுபவரிடம் மட்டும்தான் இனி நான் ஹைஸ்மன் விவாதம் செய்வேன்.