29 மடங்கு ஊதிப் பெருக்கிய படத்தைக் காட்டி எங்கள் கண்ணைக் குறை சொல்லாதீர்கள்

அந்த ஒப்பீட்டுப் படத்தை எனக்கு அனுப்பாத ஆள் இனி பாக்கி இல்லை. பார்த்துவிட்டேன், தயவுசெய்து போதும். இடப்பக்கம் பழைய பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) கேம் கன்சோலில் சான் ஆண்ட்ரியாஸ் என்ற ஜிடிஏ கேம், வலப்பக்கம் பிஎஸ்5-இல் அதே வரிசையின் ஜிடிஏ 5, நடுவில் வெள்ளைக் கோடு. மேலே "இதையா ஒரு தலைமுறையே வாயைப் பிளந்து பார்த்தது?" என்று ஒரு வரி. கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. அந்தப் படம் வந்த குழுவில் நான் எழுதிய பதிலுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அங்கே இனி வாதாடப் போவதில்லை. சொல்ல வேண்டியதை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒப்பிடுவது தப்பில்லை. எனக்கே பிடித்த வேலை அது. ஒரே கேம் ஒவ்வொரு தலைமுறைக் கன்சோலிலும் எப்படி மாறியது என்று மணிக்கணக்கில் பார்ப்பவன் நான். என் கோபம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடப்பக்கப் படம் நாங்கள் பார்த்த படம் கிடையாது. அப்படி ஒரு படம் 2004-இல் யார் வீட்டு டிவியிலும் தெரிந்ததில்லை.

பிஎஸ்2 கேம்களில் பல, 640-க்கு 448 புள்ளி (பிக்சல்) என்ற அளவில்தான் படத்தை வரைந்தன. பெருக்கிப் பாருங்கள், சுமார் 2.87 லட்சம் புள்ளி வரும். படத்தைப் போட்டவர் "4கே டிவியில் எடுத்தது" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாரே, அந்த டிவியில் இருப்பது சுமார் 83 லட்சம் புள்ளி. 2.87 லட்சத்தைக் கிட்டத்தட்ட 29 மடங்கு ஊதி, ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தி, ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மங்கலாக இருக்கிறது என்கிறார். மங்கலாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

அந்தக் காலத்து டிவி பிக்சர் டியூப் டிவி. இப்போதைய எல்இடி திரை மாதிரி அதில் சதுரம் சதுரமாகக் கட்டம் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எலக்ட்ரான் கற்றை வரி வரியாக ஓடும். அது பட்ட இடம் ஒளிரும், அந்த ஒளி பக்கத்தில் கொஞ்சம் கசியும். வினாடிக்கு 50 முறை, ஒருமுறை ஒற்றைப்படை வரிகள், மறுமுறை இரட்டைப்படை வரிகள். நம்மில் பெரும்பாலோர் மாட்டியது மஞ்சள் முனை வயர். நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் வயர் அது. கூர்மையான ஓரம் எல்லாம் வழியிலேயே மழுங்கிவிடும்.

கேம் செய்தவர்களுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்துதான் வரைந்தார்கள். 1991-இல் வந்த முதல் சோனிக் கேமில் அருவி வரும், ஞாபகம் இருக்கிறதா? இன்றைய திரையில் அதைப் பார்த்தால் செங்குத்தாகக் கோடு கோடாக, வேலியடைத்த மாதிரி இருக்கும். பழைய டிவியில் அதே கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் உள்ளதைக் காட்டும் தண்ணீராகிவிடும். அது ஓடிய மெகா டிரைவ் கன்சோலுக்குக் கண்ணாடி போல ஊடுருவிக் காட்டத் தெரியாது. ஒரே நேரத்தில் அது காட்டக்கூடியது 64 நிறம்தான். மீதி வேலையை வயரும் டிவியும் சேர்ந்து செய்தன. டிவியை எடுத்துவிட்டு "அருவி கேவலமாக இருக்கிறது" என்றால், பாதிப் படத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கோவில்பட்டியில் நான் படித்த காலத்தில் எங்கள் தெருமுனை தாண்டி ஒரு கேம் சென்டர் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான அறை, இரண்டு பிஎஸ்2, இரண்டு 21 இஞ்ச் டிவி, மரப் பெஞ்சு. மணிக்கு இருபது ரூபாய். சான் ஆண்ட்ரியாஸ் டிஸ்க் ஒன்றுதான், அதுவும் எல்லார் கையும் பட்டுக் கீறல் விழுந்தது. வேகமாகக் கார் ஓட்டினால் சில இடத்தில் தெரு வந்து சேராது. கார் ஏதோ குழம்பிப்போன தரையில் போய்க்கொண்டிருக்கும், வீடுகள் அப்புறமாக முளைக்கும். உடனே "அண்ணே, ரோடு வரல!" என்று கத்துவோம். அண்ணன் வந்து டிஸ்க்கை எடுத்து, பனியன் ஓரத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துத் திரும்பப் போடுவார். "மெதுவா ஓட்டுடா, அது படிக்கணும்ல" என்பார்.

அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. பிஎஸ்2-வின் பிரதான நினைவகம் 32 எம்பி. இப்போது உங்கள் போனில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோவுக்கே அது போதாது. அந்த 32 எம்பிக்குள் மூன்று நகரம், மலை, பாலைவனம், காடு எல்லாம் எப்படி அடங்கும்? அடங்காது. நீங்கள் போகும் திசையில் உள்ள தெருவை டிஸ்க்கிலிருந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டும், கடந்து வந்த தெருவை மறந்துகொண்டே இருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போக நடுவில் ஒரு இடத்திலும் நிற்க வேண்டியதில்லை. இதை 2004-இல் செய்தார்கள். நாங்கள் வாயைப் பிளந்ததற்குக் காரணம் அது. கேமில் வரும் லாஸ் சாண்டோஸ் நகரில் சாயங்காலம் ஆனால் வானம், ரோடு, காரின் மேற்புறம் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் ஊறிப்போகும். அந்த டிவியில் அது புழுக்கமாகவே தெரியும். பிசிக்கு வந்தபோது அந்த நிறம் அப்படியே வரவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவருவதற்காகவே ஸ்கைஜிஎஃப்எக்ஸ் என்று ஒரு மாட் (ரசிகர்களே கேமில் செய்யும் மாற்றம்) செய்து ஆட்கள் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். பிஎஸ்2 அவ்வளவு மட்டம் என்றால், பிசிக்காரர்கள் எதற்கு மெனக்கெட்டு பிஎஸ்2 மாதிரி மாற்றிக்கொள்கிறார்கள்?

"இதெல்லாம் நாஸ்டால்ஜியா ப்ரோ" என்று ஒருவர். இந்தச் சொல்லை வைத்துத்தான் எல்லாருடைய வாயையும் அடைக்கிறீர்கள். நான் சொன்னதில் எது ஏக்கம்? 32 எம்பி ஏக்கமா? 640-க்கு 448 ஏக்கமா? சின்ன வயதில் பார்த்ததால் பிடித்துப்போனது என்றே வைத்துக்கொள்வோம், அதனால் கணக்கு மாறிவிடுமா? பிஎஸ்1-இல் 2 எம்பி. பிஎஸ்2-வில் 32. பிஎஸ்3-இல் இரண்டு பாதியாகப் பிரித்து மொத்தம் 512. பிஎஸ்4-இல் 8 ஜிபி. ஒவ்வொரு படிக்கும் சரியாக 16 மடங்கு. பிஎஸ்5-இல் 16 ஜிபி, அதாவது வெறும் 2 மடங்கு. நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு படத்துக்கும் நடுவே 512 மடங்கு நினைவகம் இருக்கிறது, சான் ஆண்ட்ரியாஸ் வந்த 2004-க்கும் பிஎஸ்5-க்கு ஜிடிஏ 5 வந்த 2022-க்கும் இடைப்பட்ட பதினெட்டு வருடம் இருக்கிறது. வலப்பக்கம் நன்றாக இருப்பதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எதற்கு வெள்ளைக் கோடு?

அப்புறம், "தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது, ஒத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். யார் இல்லை என்றது? அடுத்தது.

ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒரு குறை இருந்தது, அந்தக் குறையிலிருந்துதான் அதன் முகம் வந்தது. கேமில் வரும் உருவம் எல்லாமே சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. பிஎஸ்1 அந்த முக்கோணங்களின் மூலைகளை முழுப் புள்ளியில்தான் வைக்கும், அவற்றின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரைத் தூரத்துக்கு ஏற்றபடி சரியாக வளைக்காது. அதனால் நடந்தால் சுவர் நெளியும், தரை நடுங்கும். 1996-இல் வந்த நிண்டெண்டோ 64-இல் அந்த நெளிவு கிடையாது. ஆனால் டெக்ஸ்சருக்கு அதில் இருந்த இடம் 4 கேபி. அதனால் எல்லாம் வழவழவென்று மங்கியிருக்கும். ஒரே தலைமுறை, இரண்டு முகம். அதே 1996-இல் க்ராஷ் பாண்டிகூட் என்ற பிஎஸ்1 கேமைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டெக்ஸ்சர் போட்டால் பிஎஸ்1 வேகம் குறைகிறது என்பதால், நாயகன் க்ராஷின் உடம்புக்கு டெக்ஸ்சரே ஒட்டவில்லை. முதுகுப் புள்ளிகளுக்கும் ஷூ கயிற்றுக்கும் தவிர. மிச்சமான வேகத்தை அதிக முக்கோணங்களில் போட்டு, முகத்தை அசையவிட்டார்கள். இன்றைக்கும் அந்த முகம் கோணுவதும் சிரிப்பதும் தெளிவாகத் தெரிகிறது. யாரோ சிலர் உட்கார்ந்து ஷூ கயிறுவரை கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு நீங்கள் போடுவது சிரிப்பு எமோஜி.

"பழசைப் புதுசாக்கிக் கொடுத்தால் பழசின் ஓட்டை தெரிந்துவிடும்" என்று ஒருவர் சவால் விட்டிருந்தார். நல்லது, அதையும் பார்த்தாயிற்றே. 2021 நவம்பரில் சான் ஆண்ட்ரியாஸ் உட்பட மூன்று பழைய ஜிடிஏ-வையும் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று மெருகேற்றிக் கொண்டுவந்தார்கள். தூரத்துப் புகைமூட்டத்தை எடுத்துவிட்டார்கள். சான் ஆண்ட்ரியாஸில் வரும் சிலியாட் மலை மேல் ஏறி நின்றால் மொத்த மாநிலமும் காலடியில் பொம்மை செட் மாதிரி தெரிந்தது. அந்தப் புகைதான் அந்த ஊரைப் பெரிதாக்கி வைத்திருந்தது என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. டோனட் கடை மாடியில் நிற்கும் அறுகோண நட்டு ஒன்று உண்டு. கடைப் பெயரே டஃப் நட், அதனால்தான் அங்கே இரும்பு நட்டு. புதுப் பதிப்பில் அதன் மூலைகளை இழைத்து உருண்டையாக்கிவிட்டார்கள். பழையது புள்ளி குறைவு, ஆனால் எதை வரைகிறோம் என்று அறிந்து வரைந்தது. புதியதில் புள்ளி நிறைய, அர்த்தம் போய்விட்டது. மழை பெய்தால் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ரோடே தெரியவில்லை. ஜிடிஏ-வைச் செய்யும் ராக்ஸ்டார் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில் அப்டேட் விட்டு, பழைய வானமும் வெளிச்சமும் வேண்டுவோர் மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் வைத்தார்கள். பல மடங்கு பெரிய கன்சோலில், பிஎஸ்2 மாதிரி தெரிய ஒரு பொத்தான்!

சைலண்ட் ஹில் என்ற திகில் கேமின் கதையும் இதேதான். 1999-இல் பிஎஸ்1-ஆல் தூரம் வரைய முடியாததால் ஊரையே மூடுபனியில் மூடினார்கள், பயமே அந்தப் பனியில்தான் இருந்தது. இரண்டாவது கேமை 2012-இல் எச்டியாக்கியபோது பனியைக் கெடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

"அப்போ எப்படித்தான் ஒப்பிடணும்னு நீங்களே சொல்லுங்க" என்று நிஜமாகவே கேட்ட தம்பிக்கு மட்டும் பதில். ஷேடோ ஆஃப் த கொலோசஸ் கேமை எடுத்துக்கொள். 2005-இல் பிஎஸ்2, 2011-இல் பிஎஸ்3, 2018-இல் பிஎஸ்4-க்காகப் புளூபாயிண்ட் ஸ்டூடியோ முழுதாகத் திரும்பச் செய்தது. மூன்றிலும் ஒரே கொலோசஸ் (அதில் வரும் ராட்சத உருவம்) மேல் ஏறு. பிஎஸ்2-வில் ரோமத்தைப் படலம் படலமாக அடுக்கிக் காட்டியிருப்பார்கள், கன்சோல் மூச்சு வாங்கும், வினாடிக்குக் காட்டும் ஃபிரேம் குறையும். பிஎஸ்4-இல் ஒவ்வொரு இழையும் தெரியும், தடங்கலே இருக்காது. ஆனால் பழையதில் கண் கூசும் அந்த வெளிறிய வெயில் புதியதில் வேறு மாதிரி ஆகிவிட்டது. எது கிடைத்தது, எது போனது, இரண்டையும் சொல். அதற்குப் பெயர் ஒப்பீடு.

இப்போது, என்னை நிஜமாகவே குத்திய கமெண்ட். "அந்தக் காலத்துல உங்களுக்கு வேற கதி இல்ல, அதனால அது அழகா தெரிஞ்சுது." நாற்பதுக்கும் மேல் லைக். இதில் கேலி கேமின் மீது இல்லை, எங்கள் மீது. கையில் இருபது ரூபாயோடு பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தவனுக்கு ரசனை என்று ஒன்று இருந்திருக்காது, கிடைத்ததைத் தின்றான் என்பது இதன் பொருள். அந்தப் பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவன் இன்று ஒரு ஸ்டூடியோவில் வெளிச்சம் அமைக்கும் வேலை பார்க்கிறான். ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டது அந்த லாஸ் சாண்டோஸ் சாயங்காலத்தில்தான் என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். எங்களுக்குக் கண் இருந்தது. நாங்கள் பார்த்தது அழகாகவும் இருந்தது. இரண்டுமே உண்மை.

இந்தக் கேலிக்கு ஒரு விலையும் இருக்கிறது. பழசு குப்பை என்று எல்லாரும் சிரித்தால், பழசைக் காப்பாற்ற எவனும் செலவு செய்ய மாட்டான். டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தபோது பழைய மூன்றையும் இணையக் கடைகளிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆட்கள் சத்தம் போட்ட பிறகுதான் பிசிக்கு மட்டும் திரும்ப வந்தது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. 2024-இல் வந்த பிஎஸ்5 ப்ரோவை டிஸ்க் டிரைவே இல்லாமல் விற்கிறார்கள், வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். நாளைக்கு அந்த இடப்பக்கப் படத்தை எடுக்கக்கூட உங்களிடம் கேம் இருக்காது. நீங்கள் போட்ட ஊதிய படம்தான் சாட்சியாக மிஞ்சும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது வேலை செய்யும் பிக்சர் டியூப் டிவியும் பிஎஸ்2-வும் இருந்தால், மஞ்சள் வயரிலேயே மாட்டி, லாஸ் சாண்டோஸில் சாயங்காலம் ஆறு மணி வரும்வரை காத்திருந்து, ஓடும்போதே வீடியோ எடுத்துக் கீழே போடுங்கள். ஷட்டர் வேகத்தை ஐம்பதில் ஒரு பங்கு வைத்தால் கறுப்புப் பட்டை ஓடாது. அறை விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் டிவிக் கண்ணாடியில் உங்கள் முகம் விழும். இரண்டு மூன்று வந்ததும் நானே வெள்ளைக் கோடு போட்டு, அதே குழுவில், அதே ஆளை டேக் செய்து பதிகிறேன்.