பாய்லர் குழாய் எந்தப் பக்கம்?

ஒரு கல்லூரி அரங்கில் எடுத்த அந்த வீடியோ மூன்று நாளாக எல்லார் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. யார், எந்தக் கல்லூரி என்று எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். "சார், நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் ஆகணும்னு இப்பதான் தோணுது" என்று அந்தப் பையன் கேள்வியைத் தொடங்கியதுமே மேடையிலிருந்து பதில் வந்துவிட்டது. "நாலு வார்த்தை டைப் பண்ணா ஏஐ படம் போட்டுத் தருதே தம்பி, அப்புறம் நீ எதுக்கு?" அரங்கமே சிரித்தது. பையன் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

பதிலைக்கூட விட்டுவிடலாம். அந்தச் சிரிப்புதான் தாங்க முடியவில்லை.

சினிமாவிலும் கேமிலும் வருகிற பொருளும் ஆளும் இடமும் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் வரைந்து காட்டுபவர்தான் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட். அவரிடம் ஸ்டூடியோ கேட்பது ஒரு முடிவை. படம் என்பது அந்த முடிவை எழுதிக் காட்டுகிற தாள், அவ்வளவுதான். இது தெரியாமல் அந்தத் தொழிலைப் பற்றி இருநூறு பிள்ளைகள் முன்னால் பேசக் கூடாது.

ஒரு கேமுக்கு டீக்கடைத் தள்ளுவண்டி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஐயிடம் கேட்டால் சில நொடிகளில் அழகான வண்டி வரும். மாலை வெயில், ஆவி, பித்தளைப் பளபளப்பு, எல்லாம் இருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள். பாய்லரின் குழாய் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கும். மாஸ்டர் எட்டிப் பிடித்தால் கை வெந்துபோகும். 19 கிலோ சிலிண்டர் நிற்க இடம் இருக்காது. சக்கரத்தின் அச்சு எங்கே போய்ச் சேர்கிறதென்று தெரியாது. டம்ளர் கழுவுகிற வாளி எங்கேயும் இல்லை. இதை எடுத்துக்கொண்டு 3டி மாடலரிடம் போனால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பின்பக்கம் எப்படி இருக்கும்?" அதையும் ஏஐயிடமே கேளுங்கள். பல நேரம் இன்னொரு வண்டியின் பின்பக்கம்தான் வரும்.

இதே வேலையைத் தெரிந்தவர் எப்படிச் செய்வார்? முதலில் நிஜ வண்டிகளை நாலு பக்கமும் படமெடுத்து, நாற்பது ஐம்பது ரெஃபரன்ஸை ஒரே பலகையில் பரப்புவார். பிறகு தீப்பெட்டி அளவில் இருபது முப்பது தம்ப்நெய்ல், வெறும் கறுப்பு நிழலுருவமாக. அதில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே டோனில் போட்டுப் பார்ப்பார். அப்புறம் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பெட்டி பெட்டியாக அடுக்கி, கேமராவைக் கண் உயரத்தில், அதாவது சுமார் ஐந்து அடியில் வைத்து, அதன் மேல்தான் பெயின்ட் செய்வார். கடைசியாக ஒரு ஷீட் வரும். அதில் முன், பக்கவாட்டு, பின் தோற்றங்கள் இருக்கும். அளவு தெரிய ஐந்தரை அடி ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்பார். பலகையை மடக்குகிற கீல் தனியாகப் பெரிதாக வரையப்பட்டிருக்கும். எங்கே கரி படியும், எங்கே கை பட்டுப் பட்டுத் தேயும் என்று குறிப்புகள் இருக்கும்.

அந்தக் கடைசி ஷீட்தான் வேலை. இணையத்தில் லைக் வாங்குகிற படத்தை வைத்து யாராலும் வண்டி கட்ட முடியாது.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். முதல் தம்ப்நெய்லிலேயே திருகாணி வரை வரையத் தொடங்குவார்கள். அரை நாள் உழைப்பு போய்விட்டதால் அதைத் தூக்கிப்போட மனசு வராது. சரியில்லாத டிசைனையே கட்டிக்கொண்டு அழுவார்கள். இரண்டாவது, எல்லாமே நடுச் சாம்பலில் கிடக்கும்; சிறிதாக்கிப் பார்த்தால் எது வண்டி, எது சுவர் என்று புரியாது. மூன்றாவது, போட்டோ ஒட்டி வேலை செய்யும்போது தொடுவானக் கோடு பொருந்தாது. நின்று எடுத்த தெருவோடு மாடியிலிருந்து எடுத்த கூரையை ஒட்டினால் எவ்வளவு பெயின்ட் செய்தாலும் அந்தக் கூரை வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். அடிக்கடி படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கச் சொல்வது சும்மா இல்லை. ஒரு மணி நேரம் பார்த்த தப்பு கண்ணுக்குப் பழகிப்போகும். திருப்பினால் உடனே குத்தும்.

"இப்பதான் தோணுது" என்றானே, அதற்கும் சேர்த்துத்தான் சிரித்தார்கள். ரால்ஃப் மெக்குவாரி போயிங் விமான நிறுவனத்தில் டெக்னிக்கல் படங்கள் வரைந்தவர். 1975-ல் ஸ்டார் வார்ஸ் படத்துக்காக அவர் வரைந்துகொண்டிருந்தபோது வயது நாற்பத்தைந்தை ஒட்டி இருக்கும். திரைக்கதையில் வில்லன் டார்த் வேடர் ஒரு விண்கலத்திலிருந்து இன்னொன்றுக்கு வெற்றிடத்தின் வழியே வர வேண்டியிருந்தது. அங்கே மூச்சுவிட வழி வேண்டுமே என்று யோசித்து மெக்குவாரி ஒரு சுவாச முகமூடியை மாட்டினார். உலகமே அடையாளம் காணும் அந்த முகம் அப்படித்தான் பிறந்தது. பிளேட் ரன்னர் (1982) படத்துக்கு வரைந்த சிட் மீட் ஃபோர்டு கார் கம்பெனியின் டிசைன் பிரிவில் இருந்தவர். வண்டிகளை வரையத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். வண்டி ஓடுகிற தெருவையும் சேர்த்து வரைந்தார், அந்தத் தெருக்கள் படத்துக்குள் வந்துவிட்டன. இயந்திரம் தெரிந்தவர்களை இந்தத் தொழில் இரு கை நீட்டித்தான் வரவேற்றிருக்கிறது. மெக்கானிக்கல் பையன் கேட்டதில் சிரிக்க என்ன இருந்தது?

இன்னொரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் மெக்கானிக்கல்தான், பாலிடெக்னிக். போர்ட்ஃபோலியோவில் இருபத்திரண்டு படம், பதினெட்டு சினிமா நடிகர்களின் முகம். மூக்கும் கண்ணும் அச்சு அசல். ஸ்டூடியோவுக்கு ஒன்றுகூட உதவாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவில் ஒரு கிறுக்கல் இருந்தது. போர்வெல் லாரிக்கு ஆறு கால் வைத்திருந்தான். ஹைட்ராலிக் ஹோஸ் எந்த மூட்டு வழியாகப் போகும், கால் மடங்கும்போது அது எங்கே நசுங்கும், டிரைவர் ஏறுகிற ஏணி எங்கே, எல்லாம் இருந்தது. "அது சும்மா போட்டது" என்று பக்கத்தைத் திருப்பப் போனான். அவன் யாரென்று அந்தப் பக்கம் சொன்னது. பதினெட்டு முகத்தையும் எடுத்துவிட்டு அந்த லாரியை ஒன்பது ஷீட்டாக வளர்த்தான். இன்று ஒரு கேம் ஸ்டூடியோவில் வாகனங்கள் வரைகிறான்.

ஒருவருக்குள்ளே கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் இருக்கிறாரா என்பது இப்படித்தான் தெரியும். நன்றாக வரைய வருகிறதே என்பது அடையாளம் ஆகாது, வரையப் பழகிக்கொள்ளலாம். ஒரே பொருளுக்கு முப்பது நிழலுருவம் போடுங்கள். முதல் எட்டு எங்கேயோ பார்த்த படமாகத்தான் வரும். பன்னிரண்டில் சலிப்பு தட்டும். பதினைந்துக்கு மேல் யாருக்கு வேகம் பிடிக்கிறதோ அவருக்கு இந்தத் தொழில்.

"ஏஐ வந்து வேலை குறைந்தது உண்மைதானே?" உண்மைதான், மறைக்கவில்லை. கதை சொல்லப் போகும்போது காட்டுகிற மூட் படங்களைப் பல இடங்களில் இப்போது ஏஐயில் போட்டுக்கொள்கிறார்கள். புதியவர்கள் நுழைகிற வாசல் ஒடுங்கிவிட்டது. 2022 டிசம்பரில், ஓவியர்கள் தங்கள் வேலையைக் காட்டுகிற ஆர்ட்ஸ்டேஷன் தளம் முழுக்க ஏஐ வேண்டாம் என்ற படத்தைப் போட்டு ஓவியர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். அவர்கள் வரைந்ததைக் கேட்காமலே அள்ளிக்கொண்டு போய் ஏஐக்குப் பயிற்சி கொடுத்தால் கோபம் வராதா? இதையெல்லாம் அந்தப் பையனிடம் உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். எச்சரிக்கை வேறு, ஏளனம் வேறு.

"நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையை உசுப்பேத்தாதீங்க" என்று இன்பாக்ஸில் வருவார்கள். படிப்பை விடச் சொல்லவே இல்லை. டிப்ளமோவோ டிகிரியோ முடிக்கட்டும். வரைகிற மென்பொருளான கிரிட்டாவும் பிளெண்டரும் இலவசம். சின்ன பென் டேப்லெட் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. 16 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டர் போதும்.

"உங்க பொழப்புக்காகப் பேசுறீங்க" என்றும் சொல்வார்கள். ஆமாம். எங்கள் பிழைப்பைப் பற்றி நாங்கள் பேசாமல் யார் பேசுவது?

நம் ஊருக்கு இது ஒன்றும் புதிதில்லை. நாயகனுக்காக (1987) தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் எழுப்பிய தோட்டா தரணி ஓவியர். அதற்குத் தேசிய விருதும் வாங்கினார். பெரியமேட்டில் இருக்கும் கவின் கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. இவ்வளவு இருந்தும், படம் முடிந்து வரைந்தவர்கள் பெயர் மேலேறும்போது தியேட்டரில் லைட்டைப் போட்டுவிடுகிறார்கள், எல்லாரும் பைக் சாவியைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். பெயரைப் படிக்காமல் எழுந்து போகிற நமக்கு, அந்தப் பெயராக ஆசைப்பட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க மட்டும் நேரம் இருக்கிறது.

தம்பி, இது உன் கண்ணில் படுமா தெரியாது. நாளைக்கு ஒர்க்‌ஷாப் போகும்போது சின்ன நோட்டு ஒன்று கொண்டு போ. லேத்தை வரை. அதே லேத் கடலுக்கடியில் இருந்தால் எப்படி இருக்கும் என்று முப்பது நிழலுருவம் போடு. மூன்றைத் தேர்ந்தெடு. ஒன்றுக்குப் பின்பக்கத்தையும் போடு, பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்து. கூலன்ட் குழாய் எங்கிருந்து வருகிறதென்று காட்டாமல் விட்டுவிடாதே. போட்டு முடித்ததும் இங்கே அனுப்பு, பார்க்க ஆள் இருக்கிறோம்.