கடன் வாங்கிய பாத்திரங்கள், சொந்தச் சண்டை

ஃபேன் ஃபிக்‌ஷனில் (ஒரு கதையோ தொடரோ பிடித்துப்போன ரசிகர்கள் அதன் பாத்திரங்களை வைத்துத் தாங்களே எழுதும் கதைகளில்) ஆழம் இருக்க முடியுமா என்று யாராவது கேட்டால், அதன் ரசிகர்கள் உடனே எடுத்து வீசும் பதில் ஒன்று உண்டு: "கம்பர் எழுதியது மட்டும் என்னவாம்?" எனக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. நானும் ராத்திரி தூக்கம் கெட்டு அதைப் படிக்கிற ஆள்தான் என்றாலும். ராமன் கதை எல்லோருக்கும் பொது. அதை எழுதக் கம்பர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்று ஒரு தொடரிலிருந்து இரண்டு பாத்திரங்களை எடுத்து எழுதுகிற பெண்ணுக்கு அவை சட்டப்படி வேறொருவரின் சொத்து. விற்க முடியாது. சொந்தப் பெயரில் போடத் தயக்கம். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குக்கூட அவள் எழுதுவது தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வது பெரிய பெயரின் நிழலில் ஒதுங்கிக்கொள்வது.

ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால் நான் அகப்பாடல்கள் பக்கம் போவேன். குறுந்தொகையில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட புலவர்கள். எல்லோருக்கும் அதே தலைவி, அதே தலைவன், அதே தோழி, செவிலி, பரத்தை. அகத்தில் அவர்களுக்குப் பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதியே போட்டுவிட்டது. சந்திப்பது, பிரிவது, காத்திருப்பது, ஊடுவது என்று சம்பவங்களும் முன்பே தெரிந்தவை. போதாததற்கு, பிரிவைத் தாங்காத தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனைக் கடிந்து சொன்னது என்று பாட்டோடு ஒரு கூற்றுக் குறிப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. இணையத்தில் இந்த ரசிகர் கதைகள் சேரும் ஏஓ3 தளத்தில் கதைக்கு மேலே யார், என்ன நிலைமை என்று வரிசையாக டேக், அதாவது சீட்டு, போடுகிறார்களே, ஏறக்குறைய அதே வேலை. யார் பேசுகிறார்கள், யாரிடம், எந்த நிலைமையில் என்பதெல்லாம் கேட்பவருக்குத் தெரியும் என்பதால் புலவருக்கு அறிமுகம் செய்யும் சுமையே இல்லை. நாலைந்து அடியில் நேராக வலிக்கும் இடத்துக்குப் போய்விடுகிறார். இரவல் பாத்திரம், தெரிந்த சம்பவம், முன்கூட்டியே ஒட்டிய சீட்டு இவ்வளவும் இருந்தும் அந்தப் பாட்டுகளில் ஆழமில்லை என்று யாரும் சொல்லத் துணிவதில்லை.

நல்ல ஃபேன் ஃபிக்‌ஷனும் இதே பலத்தில்தான் ஓடுகிறது. அங்கே வளர்ந்த ஒரு வடிவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "ஐந்து தடவை அவள் பொய் சொன்னாள், ஒரு தடவை சொல்லவில்லை" என்கிற மாதிரித் தலைப்பு இருக்கும். உள்ளே ஆறு சின்னக் காட்சிகள். முதல் ஐந்தும் மூலக்கதையின் இடுக்குகளில் நடப்பவை. இந்த அத்தியாயத்துக்கும் அடுத்த அத்தியாயத்துக்கும் நடுவே, கேமரா போகாத அறையில். ஆறாவது வந்து முன்னதையெல்லாம் திருப்பிப் போடும். தனியாக நிற்கும் ஒரு சிறுகதையில் இதைச் செய்வது கடினம், ஆறு துண்டுக்குள் ஒரு ஆளைப் பிறக்கவைத்து, பழகவைத்து, உடைக்கவும் வேண்டும். இங்கே வாசகர் பல வருட நினைவைக் கையோடு கொண்டுவருகிறார். அவன் கதவைத் தாளிடாமல் தூங்கினான் என்று ஒரு வரி. வெளியாளுக்கு அது வெறும் தகவல். அவன் எதற்காக இத்தனை நாளும் தாளிட்டான் என்று தெரிந்தவர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்.

சரி, இவ்வளவு வசதி இருந்தும் பெரும்பாலானவை ஏன் தேறுவதில்லை? ஏஓ3-இல் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படைப்புகள் கிடக்கின்றன. அதில் நிறைய, பாதியில் மூடிவிடக் கூடியவைதான். (2019-இல் அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருது கிடைத்ததைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அது அந்தத் தளத்துக்குக் கிடைத்தது, எந்தக் கதைக்கும் இல்லை.) நடை மோசம், பிழை மலிந்தது என்பதெல்லாம் என் புகார் இல்லை. அவற்றில் பல வெறும் ஆறுதல். செத்தவர் பிழைக்கிறார், பிரிந்தவர் சேர்கிறார், கெட்டவன் மன்னிப்புக் கேட்கிறான், அவ்வளவுதான்.

இந்த ஆசை பழையது. 1893-இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்ற கோனன் டாயில் 1903-இல் அவரைப் பிழைக்க வைத்துக் கூட்டிவர வேண்டியதாயிற்று. பொன்னியின் செல்வன் முடிந்தபோது அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்க, கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அப்புறம் எழுத்தாளர் விக்கிரமன் நந்திபுரத்து நாயகி என்று அந்தக் கதையைத் தொடர்ந்தே எழுதினார். பிடித்த ஒருவரை விட்டுப் பிரிய மனம் வராதது தப்பில்லை. ஆனால் கேட்டதை அப்படியே கையில் கொடுத்துவிட்டால் கதைக்கு வேலை இல்லை. சில பேர் வேறு மாதிரி செய்கிறார்கள். செத்தவனைப் பிழைக்க வைக்கிறார்கள், பிறகு அவனுக்காக அழுது முடித்து வேறு வாழ்க்கைக்குப் பழகிவிட்டவர்கள் மத்தியில் கொண்டுபோய் அவனை நிறுத்துகிறார்கள். அங்கே கதை சூடு பிடிக்கிறது.

இந்தக் குறையை வெளியாள் யாரும் வந்து கண்டுபிடிக்கவில்லை. 1973-இலேயே ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகை பாலா ஸ்மித், ரசிகர் பத்திரிகை ஒன்றில் மேரி சூ என்று ஒரு நாயகியைப் படைத்துக் கிண்டல் செய்தார். பதினைந்தரை வயதில் விண்கலப் படையின் அதிகாரி, எல்லோருக்கும் அவள்மேல் காதல், அவளால் முடியாதது எதுவுமில்லை. தங்கள் கூட்டத்தின் பலவீனத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விமர்சனம் வேறு இல்லை. பிற்பாடு, எந்தக் கதையில் ஒரு பெண் கெட்டிக்காரியாக வந்தாலும் அவளை அடிக்க இந்தப் பெயரையே தடியாக்கிக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

என் கணிப்பில், ஆழம் வருவது மூலக்கதையோடு போடும் சண்டையில். ஜேன் அயர் என்ற ஆங்கில நாவல் 1847-இல் வந்தது. அதில் நாயகன் மாடியறையில் பூட்டி வைத்த மனைவிக்குத் தன் தரப்பைச் சொல்ல ஒரு வரிகூட இல்லை. ஜீன் ரீஸ் 1966-இல் வைட் சர்காசோ சீ என்ற நாவலில் அவளுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தார். நம் பக்கத்தில் புதுமைப்பித்தனின் சாபவிமோசனம். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னார்கள் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிப் போகிறாள். ராமனின் பாதத் தூசு பட்டு எழுந்தவள் அவள். ராமாயணத்துக்கு உள்ளிருந்தே எழுகிற ஆட்சேபணை அது. பிடிக்காத புத்தகத்தோடு யாரும் இவ்வளவு நுணுக்கமாகச் சண்டை போடமாட்டார்கள், தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஸ்பாக்கனேலியா என்ற முதல் ஸ்டார் ட்ரெக் ரசிகர் இதழ் 1967-இல், தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே வந்தது. அந்தக் காலத்திலிருந்தே இந்த எழுத்தில் பெண்கள் பெரும்பான்மையாக இருந்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியமே இல்லை. கதையில் தனக்கு இடம் குறைவு என்று தெரிந்தவருக்குத்தான் எந்த மூலை காலியாக இருக்கிறது என்றும் தெரியும்.

ரசிகர் கூட்டத்தின் கோளாறும் இங்கேதான் பிடிபடுகிறது. ஒரே காட்சியை ஆயிரம் பேர் பிரித்து மேய்ந்து, அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று ஆதாரத்தோடு வாதாடும்போது அதைவிட நல்ல வாசிப்பு இல்லை. அதே ஆட்கள் நாயகனைக் குறை சொன்னதற்காக ஒரு எழுத்தாளரைத் துரத்தித் துரத்தி வைது கதையை அழிக்க வைக்கும்போது, அவர்களுக்கு வேண்டியது வாசிப்பே இல்லை, விசுவாசம். அங்கே ஆழம் பற்றிப் பேசுவது வீண்.

மூலம் தெரியாதவருக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்பார்கள். நிறையப் புரியாது, புரியாமல் போகட்டும். சாபவிமோசனத்துக்கு முன்னால் புதுமைப்பித்தன் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். ராமாயணம் தெரிந்தவர்களுக்கே இது பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம், அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்ற தோரணையில். ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிறவர்களும் கதைக்கு முன்னால் குறிப்பு வைக்கிறார்கள்: சும்மா எழுதியது, நன்றாக இல்லை என்றால் மன்னித்துவிடுங்கள். அந்த மன்னிப்பைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். கதை நன்றாக இருந்துவிட்டால் இன்னும் அதிகமாக.