லிங்க் வேண்டாம், ஃபைலை அனுப்புங்கள்

போன மாதம் கொல்லிமலை போய் வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள், ஓடுகிறவர்கள், மலையேறுகிறவர்கள் என் நட்பில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். நாமக்கல்லில் விடிகாலை கிளம்பி, சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக ஏறி, செம்மேட்டில் டீ குடித்துவிட்டு, மறுபக்கம் முள்ளுக்குறிச்சியில் இறங்கி, நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் சுற்றித் திரும்ப நாமக்கல் வருவதாகத் திட்டம். ரூட் போட்டவர் எங்கள் குழுவின் மூத்த அண்ணன். முந்தின நாள் ராத்திரி கம்ப்யூட்டரில் ஒரு மேப்பைத் திறந்து, கோட்டைப் பிடித்து இழுத்து முள்ளுக்குறிச்சி பக்கம் திருப்பி, லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாங்கள் மூன்று பேர் அந்த வழி தெரிந்தவர்கள், லிங்க்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த தங்கைக்கு அதுதான் முதல் மலை. பொறுப்பாக அந்த லிங்க்கை ஏதோ ஒரு கன்வர்ட்டர் தளத்தில் கொடுத்து, ஜிபிஎக்ஸ் என்ற, பாதையைச் சேமிக்கும் ஃபைலாக மாற்றி, வழி காட்டும் தன் ஜிபிஎஸ் வாட்சில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

காரவள்ளி ஏற்றத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் இறங்காமல் மிதித்தே ஏறிவிட்டாள். செம்மேட்டில் அவள் தோசைக்குச் சொல்லியிருந்தாள், எங்களுக்குக் கிளம்பும் அவசரம். "நீங்க போங்கண்ணா, வாட்ச்ல ரூட் இருக்கு, நான் பின்னாடியே வந்துடறேன்" என்றாள். நாங்களும் கிளம்பிவிட்டோம். அப்படிக் கிளம்பியிருக்கக் கூடாது, அது எங்கள் தப்பு.

முள்ளுக்குறிச்சியில் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். போன் போகவில்லை. அண்ணன் முகம் இருண்டுவிட்டது. திரும்ப மேலே ஏறலாம் என்று அவர் சைக்கிளை எடுக்கும்போது அவளிடமிருந்து அழைப்பு வந்தது. "அண்ணா, நான் காரவள்ளியில நிக்கறேன்."

காலையில் ஏறிய அதே வழியில் தனியாக இறங்கியிருக்கிறாள். வளைவு எண் எழுதிய பலகைகள் வரிசை மாறி வர வர, இது வந்த வழியாயிற்றே என்று சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் வாட்ச், நீ சரியான பாதையில்தான் இருக்கிறாய் என்றே காட்டிக்கொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பிரேக்கை அழுத்தி அழுத்தி விரல் மரத்துப்போய், நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அவள் வாட்சில் இருந்த ஃபைலை வாங்கித் திறந்து பார்த்தேன். ஜிபிஎக்ஸ் ஃபைலைத் திறக்கப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், நோட்பேடே போதும். உள்ளே இருப்பது வெறும் எழுத்தும் எண்ணும்தான். அவள் ஃபைலில் இருந்தது மொத்தம் மூன்றே மூன்று புள்ளிகள். நாமக்கல், செம்மேடு, நாமக்கல். அவ்வளவுதான். அண்ணன் ராத்திரி உட்கார்ந்து இழுத்துத் திருப்பிய கோடு அதில் இல்லவே இல்லை. லிங்க் போனில் திறந்தபோதோ, கன்வர்ட்டர் தளத்தில் மாறியபோதோ அது உதிர்ந்துவிட்டது. மூன்று புள்ளிகளை வாங்கிய வாட்ச், செம்மேட்டிலிருந்து நாமக்கல் போகக் கிட்டத்து வழி எது என்று தானே கணக்குப் போட்டு, காரவள்ளியைக் காட்டிவிட்டது. வாட்ச் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதனிடம் கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொன்னது.

இங்கேதான் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜிபிஎக்ஸ் ஃபைலுக்குள் மூன்று வகைச் சரக்கு இருக்கலாம். ஒன்று வேபாயிண்ட், தனித்தனி இடங்கள்: தண்ணீர் கிடைக்கும் கடை, கோயில், பஞ்சர் கடை மாதிரி. இரண்டாவது ரூட். இந்த இந்த இடம் வழியாகப் போ என்று சில புள்ளிகள் மட்டும் இருக்கும், இடையில் எப்படிப் போவது என்பதை வாங்குகிற கருவி முடிவு செய்துகொள்ளும். மூன்றாவது ட்ராக். யாரோ ஒருவர் போன தடம், சில மீட்டருக்கு ஒரு புள்ளி என்று ஆயிரக்கணக்கில் இருக்கும். பக்கத்து ஊருக்கு வழி கேட்டால் "சேந்தமங்கலம் போய் காரவள்ளி போங்க" என்று ஒருவர் சொல்வது ரூட். இன்னொருவர் வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போய் "என் பின்னாடியே வாங்க" என்பது ட்ராக். மலையில் எனக்கு எப்போதும் இரண்டாமவர்தான் வேண்டும்.

ட்ராக் என்றாலும் புள்ளிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். சில ஆப்கள் ஃபைல் சின்னதாக இருக்கட்டும் என்று புள்ளிகளைக் குறைத்துவிடும். நேரான நெடுஞ்சாலையில் அதனால் நஷ்டமில்லை. கொண்டை ஊசி வளைவில் நூறு மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் வளைவின் இரண்டு கையையும் ஒரே கோட்டால் வெட்டிவிடும். நீங்கள் சாலையில்தான் போவீர்கள், வாட்ச் மட்டும் "பாதை தவறிவிட்டாய்" என்று வளைவுக்கு வளைவு அதிரும். பத்து வளைவுக்குப் பிறகு அதைக் கவனிப்பதையே விட்டுவிடுவோம். நிஜமாகவே தவறுகிற நேரத்தில் அது அதிர்ந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டோம். அதுதான் ஆபத்து.

எனக்கு வருகிற கோபம் கருவிகள் மேல் இல்லை. இந்தச் சிக்கலுக்கு விடை ரொம்ப நாளாகவே இருக்கிறது என்பதில்தான் கோபம். ஜிபிஎக்ஸ் வந்தது 2002இல். இப்போது எல்லோரும் பயன்படுத்தும் 1.1 வடிவம் 2004இல் முடிவானது. காசு இல்லை, உரிமம் இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம். கார்மின், சூன்டோ, போலார், கோரோஸ் என்று எந்த வாட்ச் வாங்கினாலும், பாதை காட்டும் மாடலாக இருந்தால், அதன் ஆப்பிலோ தளத்திலோ ஜிபிஎக்ஸ் ஏற்றலாம். போனில் ஆஸ்மஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் அதைத் திறக்கும், மேப்பை முன்பே இறக்கி வைத்திருந்தால் இரண்டும் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். இருபது வருஷத்துக்கு மேல் எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழி இருந்தும், நம் கையில் இருக்கும் மிகப் பெரிய மேப்பான கூகுள் மேப்ஸ் ஆப்பில் "இந்த வழியை ஜிபிஎக்ஸ் ஆகக் கொடு" என்று கேட்க ஒரு பொத்தான் கிடையாது. மை மேப்ஸ் என்ற தனிச் சேவைக்குப் போனால் கேஎம்எல் என்ற வேறு வகை ஃபைலாகக் கிடைக்கும். அதை மறுபடி மாற்ற வேண்டும்.

மாற்றுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜிபிஎக்ஸில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று பெயர் போட்டு எழுதியிருக்கும். கேஎம்எல்லில் பெயர் கிடையாது, எண்கள் மட்டும், அதுவும் தீர்க்கரேகைதான் முதலில். எக்செல்லில் வைத்துக் கையால் மாற்றுகிறவர்கள் இதில் சறுக்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கொல்லிமலை சுமாராக 11.2 வடக்கு, 78.3 கிழக்கு. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மேப்பில் பாதையைக் காணோம் என்று யாராவது சொன்னால், முதலில் உலகத்தின் வட முனைப் பக்கம் தள்ளிப் பாருங்கள்.

வாட்ச் தனக்குள் வைத்திருப்பது பெரும்பாலும் ஃபிட் என்ற வேறு வகை. அது நோட்பேடில் படிக்க வராது, ஆனால் சின்னது, சின்ன பேட்டரிக்கு ஏற்றது. டிசிஎக்ஸ் என்று இன்னொன்றும் உண்டு. இந்த இரண்டிலும் "இங்கே இடது பக்கம் திரும்பு" என்ற குறிப்பைப் பாதையோடு சேர்த்து வைக்கலாம். பிரவே என்ற, நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் ஓட்டுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறபோது, தெரியாத ஊர்ச் சந்துக்குள் போய்த் திரும்பி வந்தால் நேரம் போய்விடும். வெறும் ஜிபிஎக்ஸ் ட்ராக்கில் கோடு மட்டும்தான் இருக்கும். சில கருவிகள் அதைப் பார்த்துத் திருப்பங்களைத் தாங்களே ஊகிக்கும், சிலவற்றுக்கு அது தெரியாது. ஊருக்குள் சுற்ற ஃபிட் அல்லது டிசிஎக்ஸ், மலைக்கு ஜிபிஎக்ஸ் ட்ராக். என் பழக்கம் இதுதான்.

சரி, ஏன் லிங்க் வேண்டாம் என்கிறேன்? லிங்க் என்பது இன்னொருவர் வீட்டுக் கதவு. அவர் திறந்து வைத்திருக்கிற வரைதான் நாம் உள்ளே போக முடியும். எண்டோமோண்டோ என்ற ஆப்பில் லட்சக்கணக்கானவர்கள் வருஷக்கணக்காகத் தங்கள் ஓட்டத்தைப் பதிந்து வைத்திருந்தார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். சூன்டோவின் மூவ்ஸ்கவுண்ட் தளமும் இப்போது இல்லை. அதே 2020 மே மாதம், ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதியும் ஸ்ட்ராவா ஆப், ரூட் வரையும் வசதியைச் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது. அவர்களுக்கும் செலவு இருக்கிறது, சந்தா கேட்பதைக் குறை சொல்லவில்லை. நான் நடந்த தடம் எனக்கு வேண்டும் என்கிறபோது அது என்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

2020 ஜூலை நினைவிருக்கிறதா? கார்மின் மேல் ரேன்சம்வேர் (கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்கும்) தாக்குதல் நடந்து, அதன் வாட்ச் ஆப்பான கார்மின் கனெக்ட் சில நாள் முடங்கியது. உலகம் முழுக்க வாட்சும் போனும் பேசிக்கொள்ளவில்லை. அப்போதுதான் பல பேர் முதன்முறையாக வாட்சை யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஆக்டிவிட்டி என்ற ஃபோல்டரில் அவர்கள் ஓடியது எல்லாம் ஃபிட் ஃபைலாகப் பத்திரமாக இருந்தது. எடுத்து வேறு தளங்களில் ஏற்றிக்கொண்டார்கள். சர்வர் படுத்தாலும் ஃபைல் படுக்கவில்லை. ஐபோன்காரர்களுக்கும் வழி உண்டு. ஹெல்த் ஆப்பில் எல்லாத் தரவையும் எக்ஸ்போர்ட் செய்தால் வருகிற ஜிப்புக்குள் ஒர்க்அவுட் ரூட்ஸ் என்ற ஃபோல்டரில், தடத்தோடு பதிந்த ஒவ்வொரு நடையும் ஜிபிஎக்ஸ் ஆகவே கிடக்கும்.

ஃபைல் அனுப்புங்கள் என்று சொல்கிற அதே மூச்சில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு வாசலை அனுப்பாதீர்கள். வாட்சில் பதிந்த ட்ராக்கில் ஒவ்வொரு புள்ளிக்கும் தேதி, மணி, நிமிடம், நொடி இருக்கும். சிலவற்றில் இதயத் துடிப்புகூட இருக்கும். ஒரு பெண் தினமும் எத்தனை மணிக்கு எந்தத் தெருவிலிருந்து தனியாகக் கிளம்புகிறாள் என்பதை நாலே நாலு ஃபைலை வைத்துச் சொல்லிவிடலாம். 2018 ஜனவரியில், எல்லோரும் போன தடங்களை ஒரே மேப்பில் ஒளிரக் காட்டும் ஸ்ட்ராவாவின் ஹீட்மேப் வழியாக ராணுவ முகாம்களின் உள் பாதைகளே வெளியே தெரிந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பெயரே இல்லாத வெறும் கோடுகள்தான் அதைக் காட்டிக்கொடுத்தன. குழுவில் ஃபைல் போடுவதற்கு முன் முதல் ஒரு கிலோமீட்டரையும் கடைசி ஒரு கிலோமீட்டரையும் வெட்டிவிடுங்கள். ஜிபிஎக்ஸ் ஸ்டூடியோ என்ற இலவசத் தளத்தில் பிரவுசரிலேயே வெட்டலாம், நேரத்தையும் நீக்கலாம். இரண்டு நிமிட வேலை.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். வாங்குகிறவர் தட்டினால் "திறக்க ஆப் இல்லை" என்று வரலாம். பயப்பட வேண்டாம், போனில் சேமித்துக்கொண்டு, ஷேர் கொடுத்து வாட்ச் ஆப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சில போன்களில் இறக்கும்போது பெயருக்குப் பின்னால் டாட் எக்ஸ்எம்எல் என்று ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். அந்த வாலை அழித்தால் சரியாகிவிடும். ஆப்புக்குள் போனதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், அங்கிருந்து வாட்சுக்கு அனுப்ப வேண்டும். பிறகு கிளம்புவதற்கு முந்தின நாளே வாட்சில் அந்தப் பாதையைத் திறந்து, மொத்தத் தூரத்தைப் பாருங்கள். நாமும் இதைச் செய்திருந்தால் கொல்லிமலையில் அந்தத் தங்கையின் வாட்ச் காட்டிய தூரமும் அண்ணன் சொன்ன தூரமும் ஒத்துப்போகவில்லை என்று வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

அண்ணன் அதற்கப்புறம் லிங்க் போடுவதை நிறுத்திவிட்டார். ஐம்பத்தைந்து வயதில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, போன ஞாயிறு அவரே ட்ராக் ஃபைலாக அனுப்பினார், கீழே மொத்தத் தூரத்தையும் எழுதி. அந்தத் தங்கைதான் முதலில் "ஏத்திட்டேன்ணா, தூரம் சரியா இருக்கு" என்று பதில் போட்டாள். அடுத்த வாரம் மறுபடி கொல்லிமலை போகிறோம். இந்த முறை எல்லோரும் சேர்ந்துதான் இறங்குவோம்.

காரவள்ளி ஏற்றம், முள்ளுக்குறிச்சி இறக்கம், சுத்தமான ட்ராக் என்னிடம் இருக்கிறது. வீட்டுப் பக்கம் வெட்டி, நேரம் நீக்கி வைத்திருக்கிறேன். டீக்கடை, தண்ணீர் கிடைக்கும் இடங்களையும் வேபாயிண்ட்டாகச் சேர்த்திருக்கிறேன். வேண்டும் என்கிறவர்கள் கமெண்ட்டில் உங்கள் வாட்ச் எது, போன் எது என்று சொல்லுங்கள், அதற்கேற்ற மாதிரி அனுப்புகிறேன்.